வீட்டுக்குள் தொடர்ந்த பாடசாலை
டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886 – 1968)

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளைக்குப் போகும் வீதியில் நாம் பஸ்ஸில் போய் வருகிறோம். ஒரு காலத்தில் அது நடந்து வந்தவர்களின் பாதை. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்குப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் பலர். ஆகவே புதுக்கோட்டை என்ற பெயர் நம் ஊருக்குப் புதியதல்ல.

அந்தப் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30ஆம் திகதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் அவர் வைத்தியரானார், சட்டசபையில் அமர்ந்தார், அநாதைச் சிறுமிகளுக்கு இல்லம் அமைத்தார், புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றையும் நிறுவினார். அவர்தான் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய சாதனைகளைப் பட்டியலிடுவதற்காக இதை எழுதவில்லை. அவர் வாழ்க்கையின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்துக்காகவே எழுதுகிறேன். அவர் பெரிய பிள்ளையானார். அத்தோடு பாடசாலை நின்றது. நம் உம்மும்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். இதே கதையைத் தம் சொந்தக் கதையாகச் சொல்பவர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள்.

அன்று முத்துலட்சுமியின் உடலுக்குள் என்ன நடந்தது என்பது அவருடைய உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தெரியாது. உலகின் பெரிய வைத்தியர்களுக்கும் அப்போது முழுமையாகத் தெரியாது. அந்த அறிவு வளர்ந்த கதையும் அவருடைய வாழ்க்கையும் ஒரே காலத்தில் நடந்தவை. எனவே இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பார்ப்போம்.

குடும்பம்

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அம்மரபுப் பெண் பிள்ளைகளை, பெரும்பாலும் பருவமடையும் முன்னரே, கோயிலுக்கென்று நேர்ந்து விடும் வழக்கம் இருந்தது. அப்பிள்ளைகளுக்குத் திருமண வாழ்வு கிடையாது. வசதி படைத்த ஆண்களின் தயவில் வாழ வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். சந்திரம்மாளைத் திருமணம் செய்துகொண்டதால் நாராயணசாமி ஐயரைத் தம் உறவினர் ஒதுக்கி வைத்தனர்.

இப்படி இரு பக்கத்திலும் முழுதாகச் சேராத ஒரு வீட்டில் மூத்த மகளாக வளர்ந்தார் முத்துலட்சுமி. உடல் மெலிந்தவர், கண் பார்வையும் குறைவு. ஆனால் படிப்பில் கெட்டிக்காரி. ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து படித்து அவர்களை முந்தினார்.

பாடசாலை நின்ற நாள்

பருவமடைந்ததும் பாடசாலைக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. ஊர் வழக்கம் அப்படித்தான். தாய் மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். தாயைக் குறை சொல்ல முடியாது. மகளுக்கு ஒரு கௌரவமான குடும்ப வாழ்வு அமைந்துவிட வேண்டும் என்ற கவலை, அந்த மரபில் பிறந்த ஒரு தாய்க்கு மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

ஆனால் மகள் படிக்க விரும்பினார். தந்தை அந்த விருப்பத்தின் பக்கம் நின்றார். மகளைப் பாடசாலைக்கு அனுப்ப முடியாவிட்டால் பாடசாலையை வீட்டுக்குக் கொண்டு வருவது என்று தீர்மானித்து, வீட்டிலேயே பாடம் நடத்த ஏற்பாடு செய்தார். 1902இல் முத்துலட்சுமி தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றி மெட்ரிகுலேசன் பரீட்சையில் சித்தியடைந்தார்.

அடுத்ததாக மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. ஒரு பெண் வந்து அமர்ந்தால் ஆண் பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. தாயின் குலமும் குத்திக் காட்டப்பட்டது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அனுமதி வழங்கினார், புலமைப்பரிசிலும் கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், ஆண்கள் பார்க்க முடியாதபடி திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார் அந்தப் பெண். திரை அவருடைய படிப்பைத் தடுக்கவில்லை. பர்தாவோடு வகுப்பறையில் அமரும் நமக்கு இது எளிதாக விளங்கும்.

உடலுக்குள் நடந்தது என்ன?

இங்கே சற்று நின்று, எந்த நிகழ்வு அவருடைய பாடசாலையை நிறுத்தியதோ அந்த நிகழ்வைப் பற்றிப் பார்ப்போம்.

நம் உடலில் சில சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் இரசாயனப் பொருட்களைச் சுரந்து நேரடியாக இரத்தத்தில் கலக்கின்றன. அவை இரத்தத்தோடு போய்த் தூரத்திலுள்ள உறுப்புகளை வேலை செய்ய வைக்கின்றன. இவற்றை ஓமோன்கள் என்கிறோம். தூண்டிவிடுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆங்கிலேய உடற்றொழிலியல் அறிஞர் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங். ஆண்டு 1905. அதாவது முத்துலட்சுமி பருவமடைந்த காலத்தில் ஓமோன் என்ற சொல்லே இருக்கவில்லை.

பெண்மைக்குரிய முக்கிய ஓமோன்கள் ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டரோனும். இவை பிரதானமாகச் சூலகத்தில் சுரக்கின்றன. ஆண்மைக்குரியது டெஸ்டஸ்டரோன். உண்மையில் இரு பாலாரின் உடலிலும் இவை எல்லாமே உண்டு, அளவுதான் வேறுபடும்.

பருவ வயதில்தான் இவை முதன்முதலாக வருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை ஓமோன்களுக்கு நடுவில்தான் வளர்கிறது. பிறந்த சில நாட்களில் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் மார்பு சற்று வீங்கியிருப்பதைத் தாய்மார் கண்டிருப்பார்கள். தாயின் ஓமோன்களின் எச்சமே அதற்குக் காரணம். அது தானாக வற்றிவிடும். பிழிந்து விடுவது தவறு. புண்ணாகி நோய் தொற்ற இடமுண்டு. பிறந்த முதற் சில மாதங்களில் குழந்தையின் சொந்தச் சுரப்பிகளும் கொஞ்சக் காலம் விழித்திருந்து, பிறகு உறங்கிவிடுகின்றன. அந்த உறக்கம்தான் பிள்ளைப் பருவம்.

பெண் பிள்ளைக்கு பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் அந்த உறக்கம் கலைகிறது. மூளையின் அடிப்பகுதியில் பரிவகக்கீழ் என்றொரு சிறு பகுதி உண்டு. அது முதலில் இரவு நேரத்தில், பிள்ளை தூங்கும்போது, விட்டு விட்டுச் சமிக்ஞை அனுப்பத் தொடங்குகிறது. அதன் கீழே பயறளவில் இருக்கும் கபச்சுரப்பி அச்சமிக்ஞையைக் கேட்டு வேறு ஓமோன்களை அனுப்பிச் சூலகத்தை எழுப்புகிறது. சூலகம் ஈஸ்ட்ரஜனைச் சுரக்கிறது. முதலில் மார்பு அரும்புகிறது. பிறகு உயரம் வேகமாகக் கூடுகிறது. மார்பு அரும்பிச் சுமார் இரண்டு, இரண்டரை வருடங்களின் பின்னரே முதல் மாதவிடாய் வருகிறது. ஆகவே வீட்டார் கணக்கெடுக்கும் அந்த ஒரு நாளுக்கு முன்பே உடல் நெடுநாட்களாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த நாளோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. முதல் ஓரிரு வருடங்கள் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரலாம். பல மாதங்களில் சூலகத்திலிருந்து சூல் வெளியேறுவதே இல்லை. மூளைக்கும் சூலகத்துக்கும் இடையிலான பேச்சு இன்னும் பழக வேண்டியிருக்கிறது. உயரம் மேலும் சில சென்றிமீற்றர் கூடும். இடுப்பெலும்பு பதின்ம வயதின் இறுதிவரை விரிந்து வளர்கிறது. வாழ்நாள் முழுவதும் நம்மைத் தாங்கப்போகும் எலும்பின் வலிமையில் பெரும்பகுதி இந்த வருடங்களில்தான் சேமிக்கப்படுகிறது. நிதானமாக யோசித்துத் தீர்மானிக்க உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

ஆண் பிள்ளைகளுக்கும் இதே போன்ற விழிப்பு உண்டு. பெண் பிள்ளைகளைவிட ஓரிரு வருடம் பிந்தி அது தொடங்குகிறது. டெஸ்டஸ்டரோன் கூடும்போது குரல் உடைகிறது, தசை வளர்கிறது, மீசை அரும்புகிறது. ஆனால் மீசை அரும்பியதற்காக எந்த ஆண் பிள்ளையையும் எவரும் பாடசாலையிலிருந்து நிறுத்தியதில்லை.

வைத்தியராதல்

1907இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஓமோன் என்ற சொல்லுக்கு அப்போது இரண்டே வயது. 1912இல் பரிசுகளோடும் பாராட்டுகளோடும் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். பின்னர் சென்னை மகப்பேற்று வைத்தியசாலையில் பணி புரிந்தார்.

பருவமடைந்ததுமே மணமுடித்து வைக்கப்பட்டு, உடல் முற்றாத வயதில் பிரசவ அறைக்கு வந்த சிறுமிகள் அக்காலத்தில் ஏராளம். இடுப்பெலும்பு விரியாததால் நாட்கணக்கில் நீளும் பிரசவம், இரத்தச் சோகை, இறந்து பிறக்கும் குழந்தை, உயிர் பிழைத்தாலும் ஆயுளுக்கும் ஆறாத காயம் என்று அவர்களின் துன்பம் நீண்டது. தான் பதின்மூன்று வயதளவில் எந்த வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டாரோ, அதே வாசலால் உள்ளே தள்ளப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை முத்துலட்சுமி ஒரு வைத்தியராகக் கண்டார்.

1914இல் டொக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் பணிகளுக்குத் தடை சொல்லக்கூடாது என்ற உடன்பாட்டின் பேரிலேயே திருமணத்துக்குச் சம்மதித்தார். அப்போது அவருக்கு வயது 27. இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். படித்த பெண்ணுக்குக் குடும்பம் அமையாது என்று பயமுறுத்தியவர்களுக்கு அந்தக் குடும்பமே பதிலாயிற்று.

ஒரு பெண் தாயாகும் காலம் ஓமோன்களின் உச்ச காலம். மாதந்தோறும் ஈஸ்ட்ரஜன் ஏறி, சூல் வெளியேறி, பிறகு புரோஜெஸ்டரோன் ஏறிக் கருப்பையைத் தயார் செய்கிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்க, மாதவிடாய் வருகிறது. கரு தங்கினால் இரண்டும் பிரசவம்வரை பன்மடங்கு ஏறிக்கொண்டே போகின்றன. குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் அவை சரேலென்று விழுகின்றன. பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் காரணமில்லாமல் அழுவதற்கு இந்த வீழ்ச்சியும் ஒரு காரணம். அது பலவீனமும் அல்ல, நன்றி கெட்ட தனமும் அல்ல. பக்கத்தில் இருப்பவர்கள் இதை அறிந்திருந்தால் ஒரு தாய்க்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். அந்தக் கவலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சட்டசபையில்

1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் படிக்க இங்கிலாந்து சென்று திரும்பினார். அதன்பின் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவரே. 1927இல் அச்சபை அவரைத் துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தெரிவு செய்தது. வைத்தியத் தொழிலை விட்டுப் போக அவருக்கு ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. ஆனால் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கும், அந்த நோயை உண்டாக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அறிந்திருந்தார்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு வைத்திய வசதி வேண்டும் என்று கேட்டார். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்து விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். பெண்ணின் திருமண வயதை 16ஆகவும் ஆணின் திருமண வயதை 21ஆகவும் உயர்த்த வேண்டும் என்று மத்திய அரசை வலியுறுத்தும் தீர்மானத்தையும் முன்வைத்தார்.

அக்காலத்தில் இந்தியா முழுவதும் இது பெரும் விவாதமாக இருந்தது. எல்லாச் சமயத்தவரிலும் எதிர்த்தவர்களும் இருந்தார்கள், ஆதரித்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் 1929இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அது வரையறுத்தது. முத்துலட்சுமி கேட்ட வயது கிடைக்கவில்லை. ஆனால் ஒரு கோடு கிழிக்கப்பட்டது.

அதே 1929இல் அமெரிக்காவில் எட்வர்ட் டொய்சியும் ஜெர்மனியில் அடொல்ஃப் பூட்டெனான்ட்டும், ஒருவரையொருவர் சாராமல், பெண்மை ஓமோன் ஒன்றை முதன்முறையாகத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1934இல் புரோஜெஸ்டரோனும் 1935இல் டெஸ்டஸ்டரோனும் அவ்வாறே பிரிக்கப்பட்டன. பருவமடைதல் என்பது ஒரு நாள் நிகழ்வு அல்ல, பல வருடப் பயணம் என்று ஆய்வுகூடங்கள் பின்னர் விளக்கிச் சொன்னதை, பிரசவ அறையில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு ஒரு பெண் வைத்தியர் முன்கூட்டியே சட்டசபையில் வாதாடியிருந்தார்.

அந்த ஆண்டுகளில் ஹார்டொக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். பாடசாலையில் சேரும் பிள்ளைகள் இடையிலேயே விலகிப் போவதை நாட்டின் பெரிய கல்வி இழப்பாக அக்குழு சுட்டிக்காட்டியது. பெண் பிள்ளைகள் ஏன் விலகுகிறார்கள் என்பதை அக்குழுவில் எவரும் முத்துலட்சுமிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் பதவி விலகினார். தேவதாசி மரபிலிருந்து வெளியேற விரும்பிய சிறுமிகளுக்கு, பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் இடம் மறுத்தன. அவர்கள் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைத் தன் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் இப்படி உருவானதுதான் சென்னை ஔவை இல்லம். கதவு மூடப்பட்ட ஒரு சிறுமி, வளர்ந்த பின் மற்றச் சிறுமிகளுக்குத் திறந்து வைத்த கதவு அது.

நம் நாட்டிலும் ஒருவர்

இதே காலத்தில் இலங்கையிலும் இது போன்ற ஒரு பெண் வைத்தியர் இருந்தார். கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, 1896இல் இங்கு வந்த டொக்டர் மேரி இரத்தினம் அவர். கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். கிராமத்துப் பெண்களுக்காக 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கி வைத்தார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவரே. பெண்ணின் உடலை அறிந்தவர்கள் பெண்ணின் உரிமையையும் பேசத் தொடங்கியது இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது.

இரண்டாவது வாசல்

ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சமூகம் கவனித்துக் கணக்கெடுக்கும் வாசல்கள் இரண்டு. முதலாவது மாதவிடாய் தொடங்குவது. மற்றையது அது நிற்பது. முதலாவது வாசலில், இனிப் படித்தது போதும் என்கிறார்கள். இரண்டாவது வாசலில், இனி என்ன இருக்கிறது, மூலையில் இரு என்கிறார்கள்.

இரண்டாவது வாசலில் நடப்பது இதுதான். ஒரு பெண் தன் வாழ்நாளுக்குரிய சூல்முட்டைகளைத் தாயின் வயிற்றிலேயே பெற்றுவிடுகிறாள். பிறக்கும்போது பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கும். பருவமடையும்போது மூன்று நான்கு இலட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாளில் வெளியேறி வருபவை ஏறத்தாழ நானூறு மட்டுமே, மீதியெல்லாம் அழிந்துவிடுகின்றன. நாற்பதுகளின் பிற்பகுதியில் கையிருப்பு தீர்ந்து வர, மாதவிடாய் ஒழுங்கு தவறுகிறது. ஐம்பது வயதளவில் நிற்கிறது. ஈஸ்ட்ரஜன் வெகுவாகக் குறைகிறது. அக்காலத்தில் திடீரென்று உடல் சூடாகி வியர்க்கும், தூக்கம் கலையும், சட்டென்று கோபம் வரும். பின்னர் எலும்பு மெலியத் தொடங்கும். ஆண்களுக்கு இப்படி ஒரு நிறுத்தம் இல்லை. முப்பதுகளிலிருந்து டெஸ்டஸ்டரோன் மிக மெதுவாகக் குறைந்துகொண்டு போகும்.

வீட்டில் ஒரே நேரத்தில் மகள் பருவமடைவதும் உம்மாவுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதும் சாதாரணமாக நடக்கும் ஒன்று. ஒருவருக்கு ஓமோன் ஏறுகிறது, மற்றவருக்கு இறங்குகிறது. இருவருக்கும் மனம் அமைதியாக இல்லை. சின்ன விடயத்துக்கெல்லாம் சண்டை வருகிறது. இதை இருவரும் அறிந்திருந்தால் அந்தச் சண்டைகளில் பாதியை மன்னிப்பது சுலபம்.

முத்துலட்சுமி இந்த இரண்டாவது வாசலிலும் நிற்கவில்லை. அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்து போனார். அந்தத் துயரம் அவர் மனதை விட்டு அகலவே இல்லை. சென்னையில் புற்றுநோய்க்கென்று ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று பல வருடங்கள் அலைந்தார். புற்றுநோய் வந்தால் சாவதுதானே, அதற்கு எதற்கு வைத்தியசாலை என்று கேட்டவர்கள் அதிகம். பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் கையேந்திப் பணம் சேர்த்தார். 1952இல் அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67. அவருடைய மகன் டொக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்நிலையத்தில் பணி புரிந்து அதை வளர்த்தெடுத்தார்.

புற்றுநோய்க்கும் நாம் பேசிவரும் ஓமோன்களுக்கும் தொடர்பு உண்டு. 1896இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர வைத்தியர் ஜோர்ஜ் பீட்சன், சூலகத்தை அகற்றியபோது சில பெண்களின் மார்பகப் புற்றுநோய் சுருங்கியதை வெளியிட்டார். ஓமோன் என்ற பெயர் பிறப்பதற்கு முன்னரே, சூலகத்திலிருந்து வரும் ஏதோ ஒன்று மார்பகத்தைத் தூண்டுகிறது என்பதற்கு அது சான்றாயிற்று. இன்று மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜனால் தூண்டப்படுபவை என்று அறிந்து, அதைத் தடுக்கும் மருந்தே கொடுக்கப்படுகிறது.

எனவே நம் உம்மாமார் இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது. மார்பில் கட்டி தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும், வைத்தியரிடம் காட்ட வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் காட்ட வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கென்றே கிளினிக் நடைபெறுகிறது. உங்கள் பகுதி மருத்துவமாதுவைக் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்.

நமக்குச் சொல்வது

1956இல் இந்திய அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22ஆம் திகதி, 82 வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில், அவர் காலமானார். ஏழைத் தாய்மாருக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேற்று உதவித் திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் மார்க்கத்தில் பாலிகானதும் ஒரு பிள்ளைக்குத் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. அது அவள் பொறுப்பேற்கத் தொடங்கும் நாள். ஒதுக்கி வைக்கப்படும் நாளல்ல. அதேவேளை, அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைப்பது பற்றிப் பேசும் இடத்தில், சூரத்துன் நிஸா திருமணப் பருவத்தை அடைவதோடு மட்டும் விட்டுவிடவில்லை. அறிவு முதிர்ச்சியையும் கண்டறியச் சொல்கிறது. உடல் முதிர்வதும் அறிவு முதிர்வதும் வேறு வேறு என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

நம் நாட்டில் பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 1995 முதல் 18. முஸ்லிம்களின் விவாகத்துக்குரிய 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வயது எவ்வாறு அமைய வேண்டும் என்ற பேச்சு நம் சமூகத்துக்குள் நெடுங்காலமாக நடக்கிறது. அதில் யார் எந்தப் பக்கம் நின்று பேசினாலும், ஒரு சிறுமியின் உடல் அந்த ஒரு நாளில் முழுமை பெற்றுவிடுவதில்லை என்ற உண்மையைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

சகோதரிகளே, உங்களுக்கு 8 வயதுக்கு முன் இந்த மாற்றங்கள் தொடங்கியிருந்தாலோ, 15 வயது கடந்தும் மாதவிடாய் வராதிருந்தாலோ, வலி தாங்க முடியாமல் பாடசாலைக்கு வர இயலாதிருந்தாலோ உம்மாவிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள். மாதவிடாய் நாட்களில் இரும்புச் சத்து இழக்கப்படுகிறது. கீரையும் பயறும் மீனும் முட்டையும் உண்ணுங்கள். உடல் ஒழுங்காக மாறிக்கொண்டிருப்பவர்கள் அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. முத்துலட்சுமியின் வரலாற்றில் மன்னரும் வருகிறார், பிரதமரும் வருகிறார். ஆனால் அவர்கள் வருவதற்கு முன், ஊர் முழுவதும் போதும் என்று சொன்னபோது, வீட்டுக்குள் புத்தகத்தைத் திறந்து வைத்த ஒரு தந்தை இருந்தார். அவர் அன்று மகளிடம், படித்தது போதும் என்று சொல்லியிருந்தால், அடையாறில் ஒரு வைத்தியசாலை இருந்திருக்காது. எத்தனையோ சிறுமிகள் தட்டுவதற்கு ஒரு கதவும் இருந்திருக்காது.